பேட்டரியைக் கழற்றியதும் பூட்டிக்கொள்ளும் கார் ரேடியோ: எந்த வழியை முதலில் பார்ப்பது?

பேட்டரியை மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ரேடியோ மட்டும் பாட மறுக்கிறது. திரையில் ‘கோட்’ என்றோ ‘சேஃப்’ என்றோ ஒரு சொல் நிற்கிறது. செட் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுபவர்கள் இன்றும் உண்டு. செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தன்னை யாரோ கழற்றி எடுத்துப்போய் வேறு வண்டியில் மாட்டிவிட்டார்கள் என்று அது நினைக்கிறது. சரியான ரகசிய எண்ணைக் கொடுத்தால் அந்த நிமிடமே பாடும்.

அந்த எண்ணைப் பிடிக்கவோ, அது இல்லாமலே சமாளிக்கவோ ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கு எது சரி என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும்: செட் எந்தத் தயாரிப்பு, அதன் சீரியல் நம்பர் கையில் இருக்கிறதா, இன்னும் எத்தனை முயற்சி மிச்சம். மூன்றாவதைத்தான் பலரும் முதலிலேயே தொலைத்துவிடுகிறார்கள். ஆகவே இதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிடுகிறோம்: 0000, 1234 என்று குத்துமதிப்பாக எதையும் அழுத்தாதீர்கள். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள் அமையும். சில செட்கள் இரண்டு தவறுக்கே ஒரு மணி நேரம் கதவடைத்துவிடும். தாராளமான செட்கள்கூடப் பத்துப் பதின்மூன்றோடு நிறுத்திக்கொள்ளும்.

பூட்டா, ஃபியூஸா?

ரேடியோவுக்கு இரண்டு மின் இணைப்புகள் வருகின்றன. ஒன்று, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. மற்றொன்று, வண்டி நிற்கும்போதும் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் வயர். ரேடியோவின் பின்னால் ஐஎஸ்ஓ 10487 என்ற பொதுத்தரக் கனெக்டர் உள்ள வண்டிகளில் இது ஏ4 என்ற முள்ளில் இருக்கும், சாவி வழி வருவது ஏ7-இல். பேட்டரியைக் கழற்றும்போது ஏ4-இல் மின்சாரம் அறுந்துபோகிறது. மறுபடி வந்ததும் செட் தன் நினைவகச் சிப்பில் உள்ள ரகசிய எண்ணை உங்களிடம் கேட்கிறது. அந்தச் சிப்புக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் எண் அழியாது. பேட்டரியை இன்னொரு முறை கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற யோசனை பலிக்காததற்கு இதுதான் காரணம்.

திரையில் எதுவுமே தெரியவில்லை என்றால் அது பூட்டு இல்லை. டெர்மினலை மாட்டும்போது தீப்பொறி பறந்திருந்தாலோ, ஸ்பேனர் பாடியில் உரசியிருந்தாலோ ரேடியோ ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டு மின் இணைப்புக்கும் பெரும்பாலும் தனித்தனி ஃபியூஸ் இருக்கும், இரண்டையும் பாருங்கள். எண் கேட்கும் அளவுக்குத் திரை எரிந்தால்தான் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

இன்னொன்று, எண்ணே தேவைப்படாத பூட்டும் உண்டு. பிந்தைய ஹோண்டா மாடல்கள் பலவற்றில் ரேடியோவை ஆன் செய்து, பவர் பட்டனை 2 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் போதும். பழைய வண்டியேதான் என்று செட் தானாக உறுதி செய்துகொண்டு திறந்துவிடும். 2000-களின் நடுவிலிருந்து வந்த ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் பலவற்றில் ரேடியோ, மீட்டர் கன்சோலோடு பேசி அடையாளம் கண்டுகொள்கிறது. அதே வண்டியில் இருக்கும்வரை பேட்டரி போனாலும் எண் கேட்காது. அப்படிப்பட்ட வண்டியில் திடீரென்று எண் கேட்டால், மீட்டரையோ ரேடியோவையோ யாரோ மாற்றியிருக்கிறார்களா என்று விசாரிப்பதுதான் முதல் வேலை.

வண்டிக்குள் தேடுவது

கைச்செலவு இல்லாத வழி இதுதான். அவசரத்தில் பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். ஓனர்ஸ் மேனுவல் பையில் ஏடிஎம் கார்டு அளவில் ஒரு அட்டை, க்ளவ் பாக்ஸின் உள்சுவரில் ஸ்டிக்கர், மேனுவலின் கடைசிப் பக்கத்தில் முந்தைய உரிமையாளர் பேனாவால் கிறுக்கிவைத்த நான்கு இலக்கம் என்று பல இடங்களில் கிடைத்திருக்கிறது. க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, டார்ச் அடித்து, மேல்பக்கமும் பக்கவாட்டும் பாருங்கள். ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருந்தால், நீளமானது சீரியல் நம்பர், நான்கு அல்லது ஐந்து இலக்கம் கொண்டதுதான் ரகசிய எண். குழப்பிக்கொண்டு சீரியலின் கடைசி நான்கு இலக்கத்தை அடிப்பவர்கள் ஒரு முயற்சியை வீணாக்குகிறார்கள்.

பழைய வண்டி வாங்கியிருந்தால் ஓர் எச்சரிக்கை. அட்டை இந்த வண்டிக்குரியதாக இருக்கலாம், ஆனால் செட் மாற்றப்பட்டிருக்கலாம். அட்டையில் சீரியல் நம்பரும் இருந்தால், செட்டின் சீரியலோடு ஒத்துப்பார்த்த பிறகே அழுத்துங்கள்.

சர்வீஸ் சென்டரா, சீரியலை வைத்து நாமே எடுப்பதா?

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குச் சேசிஸ் நம்பர், வண்டிப் பதிவுச் சான்று, உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றோடு போனால், கம்பெனிப் பதிவேட்டிலிருந்து எண்ணை எடுத்துத் தருவார்கள். சிலர் கட்டணம் வாங்குவார்கள், சிலர் வாங்கமாட்டார்கள். போனிலேயே கேட்டுவிடுங்கள். இதில் உள்ள பெரிய ஓட்டை, சேசிஸ் நம்பரை மட்டும் வைத்துப் பார்த்தால் வருவது அந்த வண்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது இருந்த செட்டின் எண் என்பதுதான். நடுவில் செட் மாறியிருந்தால் அந்த எண் திறக்காது. எனவே சேசிஸ் நம்பரோடு செட்டின் சீரியலையும் கொடுத்து, அதற்குரிய எண்ணைக் கேளுங்கள். ஹோண்டா, அக்கியூரா கார்களுக்கு அமெரிக்காவில் கம்பெனியே இணையதளம் நடத்துகிறது. அங்கும் சேசிஸ் நம்பர், சீரியல் இரண்டையும் கேட்கிறார்கள்.

சீரியலை வைத்து நாமே எடுப்பது செட்டுக்குச் செட் மாறும். ரெனோ கார்களின் பல செட்களில் ஒட்டியுள்ள லேபிளில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட முன்-எண் இருக்கும். அதிலிருந்து நான்கு இலக்க ரகசிய எண் வருவது ஒரு கணக்குச் சூத்திரத்தில்தான். அந்தச் சூத்திரம் வெளியே தெரிந்துவிட்டதால் இலவசக் கணிப்பான்களே சரியான விடை தருகின்றன. ஃபோர்டு 6000சிடி போன்றவற்றில் சீரியல் ‘எம்’ அல்லது ‘வி’ எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் வரும். இதற்கும் இலவச வழி உண்டு. ஃபோக்ஸ்வேகனின் ‘வி டபிள்யூ இசட்’, ஆடியின் ‘ஏ யூ இசட்’, ஸ்கோடாவின் ‘எஸ் கே இசட்’ என்று தொடங்கும் 14 எழுத்துச் சீரியல்கள் வேறு ஜாதி. அவற்றில் எண்ணைப் பட்டியலில் பார்த்துத்தான் எடுக்க முடியும், கணக்குப் போட்டு வராது. இந்தச் சீரியலைக் கொடுத்தவுடன் இலவசமாக எண் தருகிறேன் என்று ஏதாவது மென்பொருள் சொன்னால் நம்பாதீர்கள். அங்கே இரண்டு தவறுக்கு மேல் பொறுமை கிடையாது.

சுருக்கமாக எங்கள் தீர்ப்பு: ரெனோ, ஃபோர்டு என்றால் சீரியல் வழி. ஃபோக்ஸ்வேகன் குழுமம், ஹோண்டா என்றால் சர்வீஸ் சென்டர். பணம் வாங்கிக்கொண்டு எண் தரும் இணையச் சேவைகளை நாடினால், எண் பலிக்காவிட்டால் பணம் திரும்புமா என்று பார்த்துக்கொண்டு, லேபிளைப் படம் பிடித்து அனுப்புங்கள். கையால் தட்டச்சு செய்யும்போது பூஜ்யமும் ஓ எழுத்தும், 8-ம் பி எழுத்தும், 5-ம் எஸ் எழுத்தும் மாறிவிடும். தவறான எண் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

சீரியலைப் படிப்பது

செட்டைக் கழற்றாமலே சீரியலைக் காட்டும் வசதி சிலவற்றில் உண்டு. பல ஹோண்டாக்களில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ரேடியோவை ஆஃப் செய்து, 1, 6 பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தபடி பவரை அழுத்தினால் எட்டு இலக்கம் இரண்டு துண்டாக வரும். ‘யூ’ எழுத்தோடு வருவது முதல் நான்கு, ‘எல்’ எழுத்தோடு வருவது அடுத்த நான்கு. ஃபோர்டிலும் 1, 6 பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தால் எழுத்துகள் திரையில் ஓடும். வேகமாக ஓடுவதால் போனில் வீடியோ எடுத்துவைத்து நிறுத்தி நிறுத்திப் படிப்பதுதான் நல்லது.

மற்றவற்றுக்குச் செட்டை வெளியே இழுத்தே ஆக வேண்டும். முகப்பில் சிறு துளைகளோ மெல்லிய பிளவுகளோ இருந்தால் அதற்கென்றே உள்ள சாவிகள் தேவை: ஃபோர்டு பலவற்றுக்கு யூ வடிவக் கம்பி இரண்டு, பழைய ஃபோக்ஸ்வேகனுக்குத் தட்டையான தகடுகள். கம்பியைச் சொடுக்கென்று பிடிக்கும்வரை தள்ளி, இரண்டையும் லேசாக வெளிப்பக்கம் விரித்துக்கொண்டு நேராக இழுக்க வேண்டும். ஒருபக்கமாக இழுத்தால் பக்கவாட்டு ஸ்பிரிங் டேஷ்போர்டு சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்ததும் லேபிளைப் படம் எடுங்கள். லேபிள் பெரும்பாலும் மேல்தகட்டிலோ பக்கத்திலோ இருக்கும். பார்கோடுக்குக் கீழே உள்ள பார்ட் நம்பரைச் சீரியல் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே மாடல் செட்கள் எல்லாவற்றிலும் பார்ட் நம்பர் ஒன்றுதான், சீரியல்தான் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எண்ணை உள்ளிடும்போது நடக்கும் தவறுகள்

எண் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

பழைய ஃபோக்ஸ்வேகனை எடுத்துக்கொள்வோம். ஆன் செய்ததும் ‘சேஃப்’ வரும், சற்று நேரத்தில் 1000 என்று மாறும். சில மாடலில் இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தால்தான் 1000 வரும். எவையென்று மேனுவலில் இருக்கும். 1000 தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தால் 1000-ஐயே நீங்கள் சொன்ன எண்ணாக எடுத்துக்கொண்டு ஒரு தவறைக் கணக்கில் எழுதிவிடும். பிறகு 1-ஆம் பட்டனை அழுத்த அழுத்த முதல் இலக்கம் மாறும், 2-ஆம் பட்டனுக்கு இரண்டாவது இலக்கம், இப்படியே நான்கும். உதாரணத்துக்கு 1703 என்றால் முதல் இலக்கம் ஏற்கெனவே 1, அதைத் தொட வேண்டாம். 2-ஐ ஏழு தடவையும் 4-ஐ மூன்று தடவையும் தட்டினால் போதும். எண் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு உறுதி செய்யும் பட்டனை மறுபடி ‘சேஃப்’ வரும்வரை பிடித்து, விடுங்கள். அலைவரிசை எண் வந்தால் முடிந்தது. இரண்டு முறை தவறினால் செட் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரமும் சாவி ஆனில், ரேடியோவும் ஆனில் இருக்க வேண்டும். அணைத்துவைத்துவிட்டு மறுநாள் வந்தால் நேரம் ஓடியிருக்காது.

ஃபோர்டு 6000சிடியில் 1 முதல் 4 வரை இலக்கங்கள், 5 அழுத்தினால் உறுதி. மூன்று தவறுக்குப் பின் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 30 நிமிடம் காத்திருக்க வைக்கும். ‘லாக்டு 13’ என்று நின்றுவிட்டால் பட்டன் வழி மூடப்பட்டது, செட் பணிமனைக்குப் போயாக வேண்டும். ரெனோவில் உறுதி செய்ய 6-ஐ நீளமாகப் பிடிக்க வேண்டும். தவறினால் முதலில் 1 நிமிடம், பிறகு 2, 4 என்று இரட்டிப்பாகி 32 நிமிடம் வரை போகும். தவறுக்கு மிகவும் இரக்கம் காட்டுவது இதுதான். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய டெல்கோ செட்களில் ‘இனாப்’ என்று வந்தால், சாவியை ஆனில் வைத்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரம் பேட்டரிக்குச் சோதனை. இக்னிஷன் ஆனில் ஒரு மணி நேரம் நின்றால், வண்டியைப் பொறுத்து, ஸ்டார்ட் ஆகாத அளவுக்கு இறங்கிவிடும். ஹெட்லைட், ஏசி ப்ளோயர், பின் கண்ணாடி சூடாக்கி மூன்றையும் அணைத்து, முடிந்தால் சார்ஜரை மாட்டிவையுங்கள். நடுவில் வோல்ட்டேஜ் விழுந்து செட் அணைந்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

சிப்பைப் படிப்பது

முயற்சிகள் தீர்ந்துபோனாலோ, லேபிள் கிழிந்து கம்பெனிப் பதிவும் கிடைக்காமல் போனாலோதான் இந்த வழி. அனுபவமுள்ள கார் ஆடியோ மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். சாலிடரிங் கை உள்ளவர்கள் தாமே செய்யலாம்.

மூடியைத் திறந்தால் பலகையில் எட்டுக் கால் சிப் ஒன்று இருக்கும், 24சி, 93சி அல்லது 95 வரிசை. சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியால் அதன் உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்து, ரகசிய எண் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் படிக்க வேண்டும். எண் நேராகவும் இருக்கலாம், இலக்கங்கள் இடம் மாறியும் இருக்கலாம், சில செட்களில் மறைகுறியாக்கப்பட்டும் இருக்கும். கிளிப்பைப் பலகை மீதே மாட்டிப் படித்தால், புரோகிராமர் தரும் மின்சாரம் மற்ற பாகங்களுக்கும் போய்ப் பிராசசர் விழித்துக்கொள்ளும், தரவு குழம்பும். இரண்டு முறை படித்து இரு கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டும் நம்புங்கள். ஒத்துவராவிட்டால் சிப்பைக் கழற்றித் தனியே படியுங்கள். மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ என்ற கறுப்புப் புரோகிராமர் பலகைகள் பலவற்றில் சிக்னல் கால்களில் 5 வோல்ட் வருகிறது. 3.3 வோல்ட் சிப் என்றால் அதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பூட்டை எடுக்கிறேன் என்று சிப்பை முழுதாக அழிக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். நிலையம் பிடிக்கும் ட்யூனருக்காகச் சரிசெய்த அளவுகளும் அதிலேயே இருக்கும், போனால் எண் சரியானாலும் நிலையம் பிடிக்காது. மூலக் கோப்பை எடுத்துவைக்காமல் எதையும் எழுதவும் கூடாது. சில செட்களில் எண் தனிச் சிப்பில் இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கும். அங்கே இந்த வேலை நிபுணர்களுக்கு மட்டும்.

வேறு செட் மாட்டிவிடலாமே?

ப்ளூடூத்தும் பின் கேமராவும் எப்படியும் வேண்டும் என்றிருப்பவர்களுக்கு இது நியாயமான முடிவு. பூட்டை மட்டும் காரணமாக வைத்துச் செய்தால் வீண் செலவு. செட்டின் விலையோடு கணக்கு முடிவதில்லை. வயரிங் அடாப்டர், ஆன்டெனா அடாப்டர், டேஷ்போர்டு இடைவெளியை மூடும் சட்டம், ஸ்டீயரிங் பட்டன்கள் வேலை செய்யக் கேன் பஸ் (வண்டியின் மின்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வயர் வலை) பெட்டி எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. சிங்கிள் டின் முகப்பு சுமார் 180-க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் 180-க்கு 100. உங்கள் செட் டேஷ்போர்டோடு வளைந்து பொருந்தியிருந்தால் சட்டம் கிடைக்கிறதா என்று பார்க்காமல் செட் வாங்காதீர்கள்.

இங்கே அடிக்கடி வரும் தொல்லைகள் மூன்று. பழைய ஃபோக்ஸ்வேகன்களில் நிரந்தர மின்சாரமும் சாவி மின்சாரமும் மற்ற வண்டிகளுக்கு நேர்மாறான முள்ளில் இருக்கும். அப்படியே சொருகினால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் நிலையங்கள் மறந்துபோகும். மஞ்சள் (நிரந்தர மின்சாரம்), சிவப்பு (சாவி மின்சாரம்) வயர்களை மாற்றிப் போட்டால் தீரும். அதே இணைப்பியில் டயக்னாஸ்டிக் கே-லைன் வயரும் இருப்பதுண்டு. அதைத் துண்டிக்காமல் வேறு செட்டை மாட்டினால் ஸ்கேனர் வண்டியோடு பேசாது. கேன் பஸ் வண்டிகளிலோ சாவி மின்சாரம் ரேடியோ பக்கம் வருவதே இல்லை. சிவப்பு வயரையும் நிரந்தர மின்சாரத்தில் முடிந்துவிட்டுப் போய்விடுவார்கள், செட் தூங்காமல் இரவெல்லாம் குடித்து, மறுபடி பேட்டரி காலி.

அதே மாடலில் பழைய செட் வாங்கி மாட்டுவது இன்னும் யோசிக்க வேண்டியது. அதற்கும் தனி எண் உண்டு, எண்ணோடு தராத செட்டை வாங்காதீர்கள். சேசிஸ் நம்பரோடு கட்டப்பட்ட செட் என்றால் எண் இருந்தும் பயனில்லை, கம்பெனி ஸ்கேனரால் புதிதாக இணைத்தால்தான் பாடும்.

அடுத்த முறை கழற்றுமுன்

எண் கிடைத்ததும் மேனுவலில் எழுதாமல் போனில் சேமியுங்கள். வண்டியோடு போகும் காகிதத்தில் எழுதினால் திருடனுக்கும் அது கிடைக்கும்.

பேட்டரி மாற்றும் பத்து நிமிடமும் நினைவைத் தக்கவைக்க, அந்த நேரத்துக்கு வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் மெமரி சேவர் போதும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் 9 வோல்ட் பேட்டரி வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பல வண்டிகளில் சாவி இல்லாமல் அந்தத் துளையில் மின்சாரமே வராது, கதவைத் திறந்தால் உள்விளக்கே அந்தச் சின்னப் பேட்டரியைக் குடித்துவிடும். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் வழியே கொடுப்பது நம்பகமானது: 16-ஆம் முள் பேட்டரி பாசிட்டிவ், 4-ம் 5-ம் எர்த். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியும் 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரும் தாராளம். சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, பிறகு நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள்.

இதில் மறக்கவே கூடாத ஒன்று: மெமரி சேவர் மாட்டியிருக்கும்போது கழற்றிய பாசிட்டிவ் கிளாம்பில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது பாடியில் பட்டால் ஃபியூஸ் போகும், ரேடியோ அந்த நொடியே மறுபடி பூட்டிக்கொள்ளும். கழற்றிய கையோடு தடித்த ரப்பரிலோ உலர்ந்த துணியிலோ சுற்றி, பேட்டரித் தட்டுக்கு அப்பால் ஒதுக்கிவிட்டுத்தான் பழைய பேட்டரியைத் தூக்க வேண்டும். ஏர்பேக் வயரிங்கைத் தொடும் வேலையோ பாடி வெல்டிங்கோ இருந்தால் மெமரி சேவர் வேண்டவே வேண்டாம். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேட்டரியை முழுதாகக் கழற்றிவிடுங்கள்.